ஒன்பது விநாடிக் கணக்கு

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் போனை எடுக்கும். புத்தி ஆடி அசைந்து பின்னால் வரும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அப்படி நான் தட்டி அனுப்பிய ஒரு வரியால் சொர்ணம் அக்காவின் வேலை போகப் பார்த்தது. அந்த வரியைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்கு இரண்டு நாளும் ஒரு வலது மணிக்கட்டும் செலவாயின.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. பெரிய கம்பெனிகளின் பின்சுவர்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை, ஆறு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்கள், மொத்தம் முப்பது பேர். நான் அங்கே பிராசஸ் இன்ஜினியர். பெயர் ஷாகிதா. பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு வழியாக ஸ்கூட்டியில் வருகிறவள். அந்த ரோட்டிலேயே அன்றைய கோபத்தில் பாதி ஏறிவிடும்.

நான்காம் நம்பர் மெஷினில் ஓடுவது வீட்டுத் தண்ணீர் ஃபில்டரின் கிண்ணம். கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். முறுக்கு பிழிந்தவர்களுக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம். குருணையாகப் போடுகிற பிளாஸ்டிக் சூடான பீப்பாயில் உருகுகிறது, ஒரு திருகு அதை மோல்டு என்கிற அச்சுக்குள் தள்ளுகிறது. மோல்டு நிரம்பியதும் விட்டுவிட முடியாது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், ஆகவே அது இறுகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஹோல்டிங் பிரஷர் என்று பெயர். அது குறைந்தால் கிண்ணத்தில் குழி விழும், என்றைக்காவது யார் வீட்டிலாவது தண்ணீர் வேகத்தில் பிளந்துகொள்ளும். கூடினால் மோல்டின் இரண்டு பாதிகளுக்கு நடுவே பிதுங்கி, கிண்ணத்தின் ஓரத்தில் காகிதம்போல ஒரு விளிம்பு நிற்கும். அதை பிளாஷ் என்போம். குழிக்கும் பிளாஷுக்கும் நடுவே இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த இடத்தில் நிற்கத்தான்.

எங்கள் செட்டர் கங்காதரன் ஆவடிக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். மெஷின் பேனலில் எண்களை வைப்பதும் மாற்றுவதும் அவர் வேலை. அவர் மாற்றுகிற விதம்தான் எனக்கு ஆகாது. கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், விரலால் ஓரத்தைத் தடவுவார், போய் எதையோ அழுத்துவார். ஏன் என்று கேட்டால், "பீஸே சொல்லுது மேடம்" என்பார். மூன்று வருடமாக அங்கே இருக்கிறேன். என்னிடம் ஒரு பீஸும் வாய் திறந்ததில்லை.

அதனால்தான் மோல்டுக்குள்ளேயே ஒரு சென்சார் வைத்தேன். பட்டாணி அளவு, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு கிண்ணம் வார்க்கும்போதும், சொல்லும். மே மாதத்திலிருந்து அதோடு மல்லுக்கட்டி, செப்டம்பர் கடைசியில்தான் அது ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது. நான்கு நாள் காலை நேரத்தில் மெஷின் பக்கத்திலேயே நின்று அளந்தேன். அதோடு ஆறு மாதத்து லாக் ஷீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மணிக்கு ஒரு தரம் பேனலில் இருக்கும் பிரஷரையும் கிண்ணத்தின் எடையையும் கங்காதரன் எழுதி வைக்கும் தாள்கள் அவை. காலையும் சரி, மதியமும் சரி, ஒரே பிரஷர், அறுபத்திரண்டு பார். எடையும் ஒரே எடை. இவ்வளவு சுத்தமான ஷீட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அதை வைத்து ஒரு கணக்கு எழுதினேன். இவ்வளவு சூடு, இவ்வளவு வேகம், இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் மோல்டுக்குள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும். சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துப் பிரஷரைத் தானே பிடித்துக்கொள்ளும். அக்டோபர் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை அதை மெஷினில் ஏற்றி, இனிமேல் யாரும் எண்ணில் கை வைக்கக் கூடாது என்று பேனலுக்குப் பாஸ்வேர்டும் போட்டேன். யாரும் என்றால் கங்காதரன்.

அவர் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "பூட்டிக்கோங்க மேடம். ஆனா மத்தியானம் ஒரு வாட்டி வந்து பாத்துக்கோங்க" என்றார்.

அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மெஷினில் ஆபரேட்டர் சொர்ணம் அக்கா. திருநின்றவூரிலிருந்து காலை லோக்கலில் வருவாள், வயது நாற்பத்தெட்டு, பதினொரு வருட சர்வீஸ், ஆனால் இன்னும் காண்ட்ராக்டர் ஆள்தான். மோல்டு திறந்ததும் மெஷினின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, கிண்ணத்தை எடுத்து, கதவைத் தள்ளி மூட வேண்டும். கதவு மூடினால்தான் அடுத்த ஷாட் ஆரம்பிக்கும். அந்த ஷாட் ஓடும் நேரத்தில், எடுத்த கிண்ணத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கத்தியால் வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஷிஃப்டுக்கு அறுநூறு ஷாட். என்னை அவள் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே கூப்பிடுவாள்.

"இன்னா பாப்பா, மெஷினுக்கே பூட்டு போட்டுட்டியாமே. எனுக்கும் ஒண்ணு போடு, ஊட்ல எல்லாருக்கும் வாயை மூட்றேன்" என்றாள் அன்றைக்குக் காலையில்.

மதியம் ஒன்றரைவரை ஒரு கிண்ணம்கூட வீணாகவில்லை. திரையில் கோடு அசையாமல் போனது. நான் போட்டோ எடுத்து முதலாளி சண்முகசுந்தரம் சாருக்கு அனுப்பினேன். இரண்டு மணிக்கு பிளாஷ் ஆரம்பித்தது. மூன்று மணிக்கு ரிஜெக்ட் பெட்டி நிரம்பியது. அடுத்த திங்கட்கிழமை கஸ்டமர் ஆட்கள் வந்து மூன்று நாள் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். அவர்கள் திருப்திப்பட்டால்தான் கிண்ணத்தின் ஆர்டர் எங்களிடம் நிற்கும். சார் போனில் கத்தவில்லை, அவர் கத்துகிறவர் இல்லை. "காரணம் என்னன்னு சொல்லும்மா. மெஷினா இருந்தா மெஷினை மாத்துவோம், ஆளா இருந்தா ஆளை மாத்துவோம்" என்றார்.

தகரக் கூரைச் சூடு என்று நினைத்து ஃபேன் வைத்தேன். குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளந்தேன். கரண்ட் ஏற்ற இறக்கம் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் அதே கதை. காலை தங்கம், மதியம் குப்பை. சொர்ணம் அக்கா கிண்ணத்தின் ஓரமெல்லாம் கத்தியை ஓட்டிப் பிளாஷைச் சீவிக்கொண்டிருந்தாள். கங்காதரன் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றரை மணிக்கு, வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மோல்டு திறந்த நேரமும் கதவு மூடிய நேரமும் மெஷினில் பதிவாகும். யாரும் பார்க்காத எண்கள். காலையில் அந்த இடைவெளி ஒன்பது விநாடி, எட்டரை விநாடி, ஒன்பது. மதியம் பதினான்கு. பதினாறு. பத்தொன்பது.

அவ்வளவுதான் விஷயம். ஆபரேட்டர் தாமதித்தால் உருகிய பிளாஸ்டிக் பீப்பாயின் சூட்டில் கூடுதலாகக் காத்திருக்கும். காத்திருந்தால் இளகும். இளகியதை அதே அறுபத்திரண்டில் தள்ளினாலும் பிதுங்கும். பிதுங்கினால் சீவ வேண்டும், சீவினால் அடுத்த கிண்ணத்தை எடுக்க இன்னும் தாமதம், அதனால் இன்னும் இளகல். என் கணக்கில் எல்லாம் இருந்தது. இந்தக் காத்திருப்பு மட்டும் இல்லை. நான் பக்கத்தில் நின்று அளந்த நான்கு காலையிலும் அது மாறவே இல்லையே.

இரண்டு நாள் என்னைப் பைத்தியமாக அடித்தது ஒரு மனுஷியின் மந்தம் என்று தெரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை எடுத்தேன். "நாலாம் மெஷின் காரணம் கிடைச்சாச்சு சார். மெஷின் இல்ல. ஆபரேட்டர் ஸ்லோ." இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சரி. திங்கள்ல இருந்து வேற ஆள் போடச் சொல்லி காண்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன்."

நான் கேட்டது இது இல்லை என்று அப்போது தோன்றியது. ஆனால் வேறு எதைக் கேட்டேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் சொர்ணம் அக்கா வழக்கம்போல வந்தாள். செய்தி முந்தைய நாள் ரயிலிலேயே அவளுக்குப் போய்விட்டிருந்தது. காண்ட்ராக்டர் போனில் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்து, "குட்மார்னிங் மேடம்" என்றாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக மேடம். பாப்பா என்று கூப்பிட்டால் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது பொய் என்று அந்த நிமிடம் தெரிந்தது.

டீ நேரத்தில் கங்காதரன் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும் மேடம். ஷீட்ல நான் எழுதுன அறுபத்திரண்டு காலைலதான் நெஜம். மத்தியானத்துல ரெண்டு மணிக்கு மேல அம்பத்தெட்டுலதான் ஓட்டுவேன். ஷிஃப்ட் முடியச்சொல்ல மறுபடி ஏத்தி வெச்சுடுவேன்."

"எவ்வளவு நாளா?"

"ஜூன்லேர்ந்து."

"அப்போ ஷீட்ல ஏன் அப்படி எழுதலை?"

"கஸ்டமர் கையெழுத்து போட்ட நம்பரு அறுபத்திரண்டு. வேற எழுதுனா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா அக்கா பேர சொல்லணும்" என்றார். "மத்தியானம் ஆனா அதுக்குக் கை மரத்துப் பூடுது மேடம். கட்டை விரலு, பக்கத்துல ரெண்டு விரலு. கத்தி புடிக்க முடியல. லேட்டாச்சுன்னா பிளாஷ் வருது, நாலு பார் எறக்குனா பிளாஷ் நின்னுடுது, சீவற வேலை இல்ல, அதுவும் சமாளிச்சுக்கும். நீங்க பூட்டிட்டீங்க."

கம்பெனி முழுக்க, ஷீட்டில் எழுதுவது கஸ்டமருக்கு, பேனலில் வைப்பது பீஸுக்கு என்று ஒரு பழக்கம். எனக்கு மட்டும் தெரியாது. அந்தப் பொய்த் தாள்களை வைத்துத்தான் என் கணக்கையே கட்டியிருக்கிறேன். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நேற்று நான் என்ன செய்தேன் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

சொர்ணம் அக்காவிடம் போனேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"கை வலின்னு என்கிட்ட சொல்லக்கூடாதா அக்கா?"

"சொல்லி? இந்தக் கைய வெச்சுகினு வேற எந்தக் கம்பெனில சேத்துப்பாங்க மேடம்? நாப்பத்தெட்டு வயசுக்கு மேல. தெரியாம இருந்தவரைக்கும் வேலை இருந்துச்சு." மோல்டு திறந்தது. கதவை இழுக்கத் திரும்பிக்கொண்டாள்.

தப்பு என்மேல் என்று பாதி புரிந்துவிட்டால் மீதியை ஒப்புக்கொள்ளாமல் வாதம் பண்ணுவது என் சுபாவம். கை நன்றாக இருக்கிற யார் நின்றாலும் ஒன்பது விநாடியில் முடியும், ஆகவே நான் அனுப்பிய செய்தி உண்மைதான், வருத்தமான உண்மை, அவ்வளவுதான் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அதை நிரூபிக்க, சாப்பாட்டுக்குப் பிறகு நானே அந்த மெஷினில் நின்றேன். எனக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு கையும் சரியாக இருக்கிறது. அக்காவைப் பெட்டி கட்டச் சொன்னேன்.

முதல் ஐம்பது ஷாட் ஒன்பது விநாடிதான். திரையைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கதவு கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. மேலே ரோலரில் தொங்கி ஓட வேண்டிய இரும்புக் கதவு, கீழே தண்டவாளத்தில் உரசி, கர்ர் என்று வந்தது. இடது கையால் கைப்பிடியைப் பிடிக்க வழியில்லை, வலது கையாலேயே இழுக்க வேண்டும், அதே கையாலேயே தள்ள வேண்டும். எண்பதாவது ஷாட்டில் கட்டை விரல் அடியில் நமநமவென்றது. நூறில் முழங்கைவரை ஏறியது. நூற்று முப்பதில் கத்தி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

திரையில் பதினான்கு. பதினேழு. கிண்ணத்தின் ஓரத்தில் காகித விளிம்பு.

பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சொர்ணம் அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இடுப்ப குடுத்து இழுக்கணும் மேடம். கைய மட்டும் குடுத்தா அது கைய துன்னுடும்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் தாண்டவில்லை, விட்டுவிட்டேன். என் கோட்டையும் அவள் கோட்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அவளுக்கு ஐந்து மணி நேரத்தில் வருகிற தளர்ச்சி எனக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்திருந்தது. மந்தம் யார் என்று அதற்குமேல் வாதம் பண்ண ஆளில்லை.

வீட்டுக்குப் போய் இடது கையால் டீ கிளாஸைத் தூக்கினேன். என்னைப் பெற்ற அத்தா கலீல் ரகுமானுக்குப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தராசு ரிப்பேர் கடை. கடையில் ஆணியில் தொங்கிய கொக்கித் தராசை நான் கழற்றிப் பையில் போடுவதைப் பார்த்து, "என்னம்மா, இன்ஜினியர் வேலைய விட்டுட்டு மீன் யாவாரமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோல்டுக்குள்ளே பட்டாணி அளவு இடத்தில் அழுத்தம் என்ன என்று தசமப் புள்ளிவரை தெரியும் எனக்கு. அந்தக் கதவை இழுக்க எத்தனை கிலோ என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. கங்காதரனுக்கு போன் பண்ணினேன். வருவாரா என்று நினைத்தேன், அரை மணியில் ஆவடியிலிருந்து வண்டியில் வந்து நின்றார். முதலில் ஒன்றாம் நம்பர் மெஷின் கதவில் தராசை மாட்டி இழுத்தோம். மூன்று கிலோ. நான்காம் நம்பரில் மாட்டி இழுத்தோம். முள் பதினொன்றுக்குப் போய்த்தான் கதவு அசைந்தது.

"பதினொண்ணு" என்றார் கங்காதரன். "தெறக்க ஒரு பதினொண்ணு, மூட ஒரு பதினொண்ணு."

"ஷிஃப்டுக்கு அறுநூறு தடவை" என்றேன்.

அவர் தராசைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ரோலரு மாத்தணும் மேடம். ஸ்டோர்ல கீது. வந்து அஞ்சு மாசம் ஆவுது."

"அஞ்சு மாசமா? யார் மாத்த வேண்டாம்னது?"

அவர் ஸ்டோர் சாவியை எடுக்கப் போனார். நான் மெயின்டனன்ஸ் புத்தகத்தை எடுத்தேன். மாற்றினால் எழுத வேண்டுமே, பழைய பதிவு எந்தப் பக்கம் என்று பின்னால் புரட்டினேன். மே மாதம் பதினான்காம் தேதியில் இருந்தது. கங்காதரனின் கோணல் எழுத்தில்: நாலாம் நம்பர், கதவு ரோலர் ரெண்டும் தேஞ்சு போச்சு, ஆபரேட்டர் கம்ப்ளெயின்ட், புது ரோலர் வந்தாச்சு, மாத்த அரை நாள் மெஷின் வேணும். அதன் கீழே பச்சை மையில், அழகான உருண்டை எழுத்தில்: சென்சார் ட்ரயல் முடியட்டும், பிறகு பார்க்கலாம். கையெழுத்து, ஷாகிதா.

பச்சை மையில் எழுதுவது அந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

எழுதியது நினைவே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அந்த வாரம் சென்சாரை மாட்ட மெஷின் எனக்கு வேண்டியிருந்திருக்கும். அரை நாளா, சரிதான் போ, என்று இரண்டு விநாடியில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். மே மாதம் நான் எழுதினேன், ஜூன் மாதம் அவள் கை மரத்தது. அதை மறைக்கக் கங்காதரன் நான்கு பார் இறக்கினார், அதை மறைக்க அறுபத்திரண்டு என்று எழுதினார், அந்த அறுபத்திரண்டை வைத்து நான் கணக்குக் கட்டிப் பூட்டும் போட்டேன். கடைசியில் ஆபரேட்டர் ஸ்லோ.

ஸ்டோரிலிருந்து அட்டைப் பெட்டியோடு வந்த கங்காதரன் புத்தகம் எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று பார்த்தார். "எல்லாருந்தான் எழுதுறோம் மேடம்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்த முறை போனில் தட்டவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் சாரின் வீட்டுக்கே போனேன். அவர் லுங்கியோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முதலிலிருந்து சொன்னேன், கங்காதரன் இறக்கிய நான்கு பார் உட்பட. தராசு சொன்ன பதினொன்றைச் சொன்னேன். பச்சை மைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"அப்போ யாரை மாத்தணும்?"

"ரோலரை, சார்."

"உன்னை இல்லையா?"

"அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான் சார். ஆனா சொர்ணம் அக்கா இல்ல. அவங்க நாளைக்கு அந்த மெஷின்ல இருக்கணும். கைக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வாரத்துல ஒரு நாள் விடணும். மதியம் ரெண்டு மணிக்கு மேல வேற ஆளோட மாத்தி மாத்தி நிக்கணும்."

அவர் குழாயை மூடினார். "கஸ்டமர் எட்டரைக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள கதவு ஓடணும்" என்றார். காண்ட்ராக்டருக்கு என் எதிரிலேயே போன் போட்டுப் பழைய ஆளே வரட்டும் என்றார். ஷீட்டில் இனி ஓடுகிற எண்ணைத்தான் எழுத வேண்டும், கஸ்டமரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். என்னை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அதை நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கங்காதரன் பழைய ரோலர்களைக் கழற்றி வைத்திருந்தார். வட்டமாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அவர் புதியவற்றை மாட்டும் நேரத்தில் நான் கணக்கில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். மோல்டு திறந்ததிலிருந்து கதவு மூடும்வரை எத்தனை விநாடி என்று எண்ணி, காத்திருந்த அளவுக்குப் பிரஷரைத் தானே இறக்கிக்கொள்ளும். பதினான்கு விநாடிக்கு எவ்வளவு இறக்குவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். பதினெட்டுக்கு? "நாலு." என் கணக்கு பதினெட்டுக்கு மூன்றரை என்றது. அரை பாரை நாங்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தோம். விநாடிகள் திரையின் மூலையில் ஓடும். அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமை நான் 'ஆபரேட்டர் தாமதம்' என்று வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு 'கதவு' என்று வைத்தேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கங்காதரனிடம் கொடுத்தேன். பச்சை மையில்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சொர்ணம் அக்கா வந்தாள். கையில் டிபன் பை, முகத்தில் ஒன்றும் இல்லை. காண்ட்ராக்டர் வரச் சொன்னதால் வந்திருக்கிறாள், ஏன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதற்குள் முதல் ஷாட் முடிந்து மோல்டு திறந்துவிட்டது.

அவள் இடுப்பைக் கொடுத்து, முழு உடம்பின் பாரத்தையும் சாய்த்து, வழக்கமான பலத்தோடு கதவை இழுத்தாள்.

கதவு பறந்து போய் அந்தக் கோடியில் மோதிற்று. ஆறு மெஷின் சத்தத்தையும் மீறி அந்த இடி ஷெட் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கால் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மாதமாக அவள் தினமும் எவ்வளவு பலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த ஒரு சத்தத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. தராசு எனக்கு அவ்வளவு சொல்லவில்லை.

அவள் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். நகர்ந்தது. திரும்ப இழுத்துப் பார்த்தாள். வந்தது.

"இத்தினி லேசா?" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இத்த முன்னாடியே பண்ணியிருக்கலாமே மேடம்."

"பண்ணியிருக்கலாம் அக்கா. மே மாசமே ரோலர் வந்துடுச்சு. வேண்டாம், அப்புறம் பாக்கலாம்னு எழுதினது நான்தான். உங்களை ஸ்லோன்னு எழுதினதும் நான்தான்." தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் இது இல்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். தன் வலது கையை இடது கையால் ஒரு தரம் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு பார்வை என்னைத் தாண்டித் திரையின் மூலைக்குப் போயிற்று. அங்கே விநாடி ஏறிக்கொண்டிருந்தது. பதினேழு, பதினெட்டு.

"நகரு பாப்பா" என்றாள். "நீ நின்னுகினு கீற, அது ஓடிகினு கீது."

நான் நகர்ந்தேன். அவள் கிண்ணத்தை எடுத்தாள், கதவை மெதுவாகத் தள்ளினாள்.